வெள்ளிக்கிழமை ஆறாம் பாடவேளை

பணி ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகள் இருந்தன. செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு, வெள்ளிக்கிழமை பி பிரிவு. இரண்டும் ஆறாம் பாடவேளை. கால அட்டவணையில் நூலக வகுப்பு என்று போட்டிருக்கும். சம்பளம் கிடையாது. கும்மிடிப்பூண்டிக்கும் புதுவாயலுக்கும் நடுவில், தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டியிருக்கும் அந்தப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். என் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாயில் வரை ஆயிரத்து அறுநூற்று எண்பது அடிகள். ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகளாகியும், வாரத்துக்கு இரண்டு முறை அந்த அடிகளை எண்ணிக்கொண்டே போய் வந்தேன். மீதி ஐந்து நாட்களும் அந்த இரண்டு நாட்களுக்காகவே கழிந்தன என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். ஆனால் உண்மை அதுதான்.

அந்த இரண்டையும் பறிக்க ஒருத்தி வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போதும் முழுவதுமாக மாற்றி நினைக்கவில்லை.

அந்த அம்மா பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழாசிரியை. வயது முப்பத்திரண்டு இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் தமிழ் அவர்தான். வந்து மூன்று வாரங்களுக்குள் பள்ளியில் எங்கே திரும்பினாலும் அவர் பேச்சாக இருந்தது. சத்துணவுக்கூடத்து அம்மாகூட என்னைப் பார்த்து, “புது மிஸ்ஸு கிளாஸுல பசங்க இன்னா குஷியா கீதுங்க சார்!” என்றாள். என் வகுப்பைப் பற்றி அவள் இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் சொன்னதில்லை.

நூலகச் சாவியைத் திருப்பித் தருவதற்காக ஒரு வியாழக்கிழமை பள்ளிக்குப் போனேன். சாவியை வெள்ளிக்கிழமையே தந்திருக்கலாம். ஆனாலும் போனேன். பி பிரிவு வகுப்பறையின் சன்னலைக் கடந்துதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வேறு வழியும் உண்டு. நான் இந்த வழியாகப் போனேன்.

அந்த அம்மா ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கையில் அதன் முதல் சில பக்கங்களின் நகல் மட்டும் இருந்தது. ஒரு பெண் பேருந்தில் வந்து தவறான நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறாள். பேருந்து போய்விடுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார்.

“அப்பறம் இன்னா மிஸ்?” என்றது வகுப்பு.

“எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க எழுதுங்க. அஞ்சு நிமிஷம்.”

“மிஸ், மிஸ்! அந்த அக்கா கைல போன் கீதா?” என்று ஒருவன் கேட்டான்.

“இருந்தா கதையில சொல்லியிருப்பாங்க இல்ல நைனா? திரும்பப் போய்ப் பாரு.”

நாற்பத்தோரு பேரும் நகலைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு பிள்ளையும் தானாக ஒரு பக்கம் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்ததில்லை. பின்னால் இருப்பது முடிந்துபோனது என்பதுதான் எங்கள் வகுப்பின் நடைமுறை. ஐந்து நிமிடம் கழித்து, “யாரு படிக்கிறீங்க?” என்று அவர் கேட்டபோது கைகளை எண்ணினேன். இருபத்தாறு. என் வகுப்பில் கடைசியாக மூன்று கைகள் உயர்ந்தன. அதில் இரண்டு கழிப்பறைக்குப் போக.

அன்று சாவியைத் தராமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் முறையைச் சொல்லிவிட வேண்டும். நான் சோம்பேறி ஆசிரியன் அல்ல. செய்யுளை ராகம் போட்டு மூன்று முறை சொல்வேன். பிறகு சொற்பொருள், பிறகு பொழிப்புரை, பிறகு வினா விடை. விடையைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட வாயால் சொல்லி எழுத வைப்பேன். நாற்பது பிள்ளைகளின் குறிப்பேட்டில் ஒரே விடை, ஒரே எழுத்தாக இருக்கும். தொழிற்பேட்டைக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. அவர்கள் தேர்ச்சி பெற வேண்டும் என்றால் இதுதான் வழி என்று நம்பினேன். பத்தாம் வகுப்புத் தமிழில் என்னிடம் படித்துத் தவறியவர்கள் மொத்தம் பதினொரு பேர். அவர்கள் முகங்கள்கூட எனக்கு நினைவிருக்கின்றன.

காலாண்டுத் தேர்வுக்கு முன்பு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது இளையவர். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, மின்விசிறியையும் கூட்டி வைத்தார். ஏதோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“சார், ஒண்ணும் தப்பா நெனைக்கக் கூடாது. அந்த ரெண்டு லைப்ரரி பீரியடையும் மேடம் கேக்கறாங்க. படிக்கறது எழுதறதுன்னு ஏதோ பயிற்சி வெச்சிருக்காங்களாம். டைம் பத்தலியாம்.”

“என் வகுப்புல படிக்கறது எழுதறது நடக்கலையா?”

“ஐயோ, அப்டி யார் சொன்னா?”

“நான் ஒண்ணும் சம்பளம் வாங்கல. டீ கூட இன்னிக்குத்தான் குடிக்கிறேன்.”

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். பாடப்புத்தகத்தில் மழையைப் பற்றிய எட்டு அடிப் பாடல் ஒன்று அடுத்து வருகிறது. ஏ பிரிவுக்கு அதை நான் நடத்துவது, பி பிரிவுக்கு அந்த அம்மா நடத்துவது. பத்து மதிப்பெண்ணுக்கு ஒரே தேர்வு. என் பிள்ளைகளின் தாள்களை அவர் திருத்துவார், அவருடையவற்றை நான் திருத்துவேன். எந்தப் பிரிவு நன்றாகச் செய்கிறதோ அவர்களின் ஆசிரியருக்கே இரண்டு பாடவேளைகளும்.

வினாத்தாள் தயாரிக்க நானும் அந்த அம்மாவும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தோம். “பாடல் உணர்த்தும் மழையின் சிறப்பினைக் கட்டுரையாக எழுதுக” என்று நான் எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, “அல்லதுன்னு ஒண்ணு சேத்துக்கலாமா ஐயா?” என்று கேட்டு, கீழே எழுதினார்: “பாடலைப் படித்தபோது உனக்கு நினைவு வந்த ஒரு மழையை எழுதுக.”

“இதுக்கு எப்படி மார்க் போடறது?”

“நீங்களே சொல்லுங்க ஐயா.”

முன்னுரைக்கு ஒன்று, நான்கு உட்தலைப்புகளுக்கு நான்கு, மேற்கோளுக்கு இரண்டு, முடிவுரைக்கு ஒன்று, பிழையின்மைக்கு இரண்டு என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாத் தமிழாசிரியர்களும் கட்டுரை திருத்துவது இப்படித்தான். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், “சரிங்க ஐயா” என்றார். அந்தச் சம்மதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பெரியவனாக நினைத்து விட்டுக்கொடுக்கிறாரா, அல்லது தோற்க முடியாது என்ற தைரியமா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போனதில், அடிகளை எண்ணத் தவறிவிட்டேன்.

ஏ பிரிவில் என் செவ்வாய்க்கிழமை போதவில்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் கெஞ்சி இரண்டு விளையாட்டு வேளைகளை வாங்கினேன். முன்னுரையிலிருந்து முடிவுரை வரை முப்பத்தாறு வரிகள் சொல்லி எழுத வைத்து, ஒவ்வொருவராக ஒப்பிக்கச் சொன்னேன். பிள்ளைகள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார்கள்.

தேர்வு முடிந்து பி பிரிவின் நாற்பத்தோரு தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் பரப்பி, முதலில் வகை பிரித்தேன். முதல் வினாவை எழுதியவர்கள் ஒன்பது பேர். ‘அல்லது’க்குக் கீழே இருந்ததை எழுதியவர்கள் முப்பத்திரண்டு பேர். உட்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை. சிவப்புப் பேனா தானாக ஓடியது. இரண்டு, மூன்று, இரண்டரை. என் மனைவி தட்டுகளை எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா, மொகத்துல இவ்ளோ சந்தோஷம்? புள்ளைங்க அவ்ளோ நல்லா எழுதிக்கீதுங்களா?”

“இல்ல. மோசமா எழுதியிருக்குங்க.”

“நல்லா கீதே ஒங்க நாயம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்து நான்காவது தாள் ஒரு பெண்ணுடையது. வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்காருகிறவள், அதிகம் பேசாதவள். அவள் எழுதியிருந்தது ஒரு காலை நேரத்து மழையை. ஏரி நிரம்பி அவர்கள் காலனித் தெருவில் தண்ணீர் நிற்கிறது. கம்பெனிப் பேருந்து உள்ளே வர முடியாமல் மெயின் ரோட்டில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிக்கிறது. மூன்றாவது முறை அடித்தால் கிளம்பிவிடும். அவள் அம்மா கம்பெனிச் சீருடையை ஒரு நீல நிற பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறாள். தண்ணீர் முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறுகிறது. பிறகு மழையில் அம்மா தெரியவில்லை. நீலக் கவர் மட்டும் தெரிகிறது. அது போய்க்கொண்டே இருக்கிறது.

“பாதி தூரத்தில் கவர் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை. பின்னாலும் வரவில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணினேன்.”

அதோடு தாள் முடிந்திருந்தது. நேரம் போதவில்லை போலும்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது பிழைகளைக் குறித்தேன். ஆறு இருந்தன. முதல் வரியை முன்னுரையாகக் கொண்டு ஒன்று, பிழையின்மைக்கு அரை. பத்துக்கு ஒன்றரை போட்டு, அடியில் கோடிட்டு, அடுத்த தாளை எடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. மீதிப் பதினேழு தாள்களையும் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. பதினெட்டாவது எண்ணுக்கு அந்தக் கவர் என்ன ஆயிற்று?

மறுநாள் தாள்கள் கைமாறின. என் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் அந்த அம்மா நியாயமாக மதிப்பெண் போட்டிருந்தார். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. சராசரி ஏழேகால். பி பிரிவுக்கு மூன்றரை. தலைமையாசிரியர் இரண்டு எண்களையும் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார்.

“என்ன மேடம், இப்டி ஆயிடுச்சு?”

“ஐயா சரியாத்தான் போட்டிருக்காங்க சார். நான்தான் இந்த முறைக்கு ஒத்துக்கினேன்” என்றார் அவர். மேசை மேலிருந்த தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு பாடவேளைகளும் எனக்கே என்று ஆயிற்று. வெற்றிதான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடையில் நின்று நான்கு ஜாங்கிரி வாங்கினேன். மனைவி ஒன்று சாப்பிட்டாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மற்ற மூன்றும் எறும்புக்குப் போயின.

அந்த வெள்ளிக்கிழமை பி பிரிவுக்குப் போனேன். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார்கள், வணக்கம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் புத்தகத்தை எடுக்கச் சொன்னபோது முன் பெஞ்சிலிருந்தவன் தன் பக்கத்திலிருப்பவனிடம், “போச்சுடா, வெள்ளிக்கெழம பழையபடி டிக்டேசன்தான்” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த அம்மா செய்வதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு கதையைப் படிக்க ஆரம்பித்தேன். ஒருவன் தன் வீட்டு மாட்டை விற்கச் சந்தைக்குப் போகிறான். பாதி வழியில் மாடு நடக்க மறுத்து நின்றுவிடுகிறது. அங்கே புத்தகத்தை மூடினேன். “அடுத்து என்ன? எழுதுங்கள்” என்றேன்.

பேனாக்களைத் திறந்தார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வகுப்பில் பேச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் தவறாக எழுதிவிடுவார்களோ என்று பதைத்தது. “மாட்டுக்குக் கன்று நினைவு வந்துவிட்டது. அதனால்தான் நின்றது. தாய்ப்பாசமே இக்கதையின் மையக்கருத்து. எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

“சார்!” என்று கத்தினான் முன் பெஞ்சுக்காரன். “நாங்க யோசிக்கறதுக்குள்ள நீங்களே சொல்டீங்களே!”

வகுப்பு சிரித்தது. மூன்றாம் பெஞ்சுப் பெண்ணும் சிரித்தாள். மணி அடித்து எல்லோரும் வெளியே போகும்போது அவளை நிறுத்தினேன்.

“அந்த நீலக் கவர் என்ன ஆச்சு?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, “அதுக்குத்தான் ஒன்றர மார்க் போட்டீங்களே சார்” என்றாள்.

“அது உட்தலைப்பு இல்லாததுக்கு. மீதி என்ன ஆச்சுன்னு கேக்கறேன்.”

“எழுதினுக்கீறேன் சார். முடிச்சிட்டு படிக்கலாம்னு மிஸ் சொன்னாங்க. ஒரு பீரியட் முழுசா ஒக்காந்து கேக்கணும்னாங்க. இந்த வெள்ளிக்கெழமதான் படிக்கறதா இருந்தது.”

“இதே பாடவேளையிலயா?”

“ஆமா சார். இது மிஸ்ஸுக்குக் கெடச்சிடும்னு நெனச்சோம். இப்ப ஒங்குளுதாவே ஆயிடுச்சே.”

“அதனால என்ன? அடுத்த வெள்ளிக்கிழமை என் வகுப்பிலேயே படி.”

அவள் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்: “ஒங்க கிளாஸ்ல நீங்கதான சார் படிப்பீங்க?”

“சரி, இப்போ வாயால சொல்லிடு. அம்மா வந்தாங்களா இல்லையா?”

“சொல்லமாட்டேன் சார். மிஸ்ஸாண்டயே இன்னும் சொல்லல. சொல்லிட்டா அப்பறம் எழுத வராது.”

அவள் போய்விட்டாள். அந்த அம்மாவுக்கும் இன்னும் தெரியாது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். ஏதாவது ஒரு பாடவேளையில் அவள் எழுந்து நின்று படிப்பாள். நாற்பது பிள்ளைகள் கேட்பார்கள். அந்த அம்மா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். எனக்கு மட்டும் அந்தக் கவர் பதினேழிலேயே தண்ணீரில் நிற்கும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாட்களும் இதுவே ஓடியது. சாப்பிடும்போது ஒருமுறை வாய்விட்டு “பதினெட்டு” என்று சொல்லிவிட்டேன். “இன்னாத்த எண்றீங்க? இட்லி நாலுதான் போட்டேன்” என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியரிடம் போய், வெள்ளிக்கிழமை வகுப்பை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

“ஜெயிச்ச பீரியட யாராவது திருப்பிக் குடுப்பாங்களா சார்? ஒடம்புக்கு ஏதாவது…?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும்தான். செவ்வாய்க்கிழமையைத் தர மாட்டேன். அப்புறம் வெள்ளிக்கிழமை நான் பின்னால உக்காந்துக்குவேன். அதுக்குச் சம்மதம்னா பாருங்க.”

அந்த அம்மா சம்மதித்தார். கடைசி பெஞ்சில் எனக்கு இடம் ஒதுக்கி, துணியால் துடைத்தும் வைத்திருந்தார். என் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பின்னாலிருந்து அந்த வகுப்பறையை நான் பார்த்ததே இல்லை. கரும்பலகையின் வலது மூலையில் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளும் நான் அந்த மூலையில்தான் சொற்பொருள் எழுதினேன்.

மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்து படித்தாள். குரல் முதலில் நடுங்கி, நீலக் கவர் வந்ததும் சரியாகிவிட்டது. பதினேழு வந்தது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இருபத்து மூன்றில் கவர் அசைந்தது. அவள் அம்மாவின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதாம். அதை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், மார்பளவுத் தண்ணீரில் காலாலேயே துழாவிக் கண்டுபிடித்து, அந்தச் செருப்பைக் கவருக்கு மேல் வைத்துக்கொண்டு நடந்தாளாம். ஓட்டுநர் மூன்றாவது ஹாரனை அடிக்காமல் காத்திருந்தாராம். மாலையில் வீட்டுக்கு வந்து, “செருப்பு போனா போவுதுன்னு வுட்டுட்டு வரவேண்டிதுதானே?” என்று மகள் அழுதபோது அம்மா சொன்னது: “இன்னொரு செருப்பு இன்னாடி பண்ணும் தனியா?”

வகுப்பு சிரித்துக்கொண்டே கை தட்டியது. நானும் தட்டினேன். கொஞ்சம் தாமதமாகத்தான். அந்த அம்மா தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருபத்து மூணுல ஏன் நிறுத்தினே? வேற எண் ஏன் இல்ல?” என்று கேட்டார். “நெசமாவே இருவத்து மூணுதான் மிஸ்” என்றாள் அவள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எண் சம்பந்தமான கேள்வி. என் கண் முன்னால் அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு எல்லோருக்கும் அரைத்தாள் கொடுத்து, நீங்கள் யாருக்காகவாவது காத்திருந்ததை எழுதுங்கள் என்றார். எனக்கும் ஒன்று வந்தது. மறுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டேன். காத்திருத்தலின் சிறப்பைப் பற்றிப் பதினான்கு வரிகள் எழுதினேன். ஒரு பிழை கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு தாள்களைத் தேர்ந்து அவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு தாள் எடுக்கும்போதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கில் என்னுடையது இல்லை. முன் பெஞ்சுக்காரனுடையது இருந்தது. ரேஷன் கடை வரிசையைப் பற்றி எழுதியிருந்தான். நன்றாகத்தான் இருந்தது.

மீதித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். என் தாளின் அடியில் பென்சிலால், சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: “ஐயா, நீங்கள் யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று இதில் இல்லையே?”

அதை நான்கு முறை படித்தேன். மதிப்பெண் எதுவும் போடவில்லை. மற்றவர்களுக்கு என்ன எழுதியிருப்பார், என்னுடையதைவிட நீளமாக எழுதியிருப்பாரோ என்று தோன்றியது. பக்கத்திலிருந்த பிள்ளையின் தாளை மெல்ல எட்டிப் பார்த்தேன். இரண்டு வரிகள் இருப்பது தெரிந்தது. மூன்றாவதும் இருக்கலாம். அதற்குள் அவள் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“பாக்காதீங்க சார்” என்றாள். “இது எனக்கு எழுதிக்கீறாங்க.”